முந்துவது காலா, மூளையா?

2008 ஜூன் 29. வியன்னாவில் யூரோ கோப்பை இறுதிப்போட்டி. 33-வது நிமிடத்தில் ஸ்பெயினின் ஸாவி எர்னாண்டஸ் நடுக்களத்திலிருந்து ஜெர்மனியின் தற்காப்பு வரிசைக்குள் ஒரு பாஸைச் செலுத்துகிறார். பந்துக்கு அருகில் இருந்தவர் ஜெர்மனியின் பிலிப் லாம்தான். ஆனால் பின்னாலிருந்து பாய்ந்து வந்த ஃபெர்னாண்டோ டோரஸ் அவரைச் சுற்றிக்கொண்டு முந்துகிறார்; எதிரே வந்த கோல்கீப்பர் யென்ஸ் லெமனைத் தாண்டிப் பந்தைத் தட்டிவிடுகிறார். 1-0. ஸ்பெயினுக்குக் கோப்பை. கோல் டோரஸின் கணக்கில் சேர்ந்தது. தொடரின் சிறந்த வீரர் விருதோ ஸாவிக்குப் போனது.

ஸாவியின் உயரம் 170 சென்டிமீட்டர். ஓட்டத்துக்குப் பேர்போனவர் அல்ல. ஆனாலும் 2009, 2010, 2011 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருதுப் பட்டியலில் மூன்றாம் இடம் பிடித்தார். நடுக்கள வீரருக்கு வேகம் முக்கியமா, அறிவு முக்கியமா என்று ரசிகர்கள் வாதிடும்போதெல்லாம் அவர் பெயர் அடிபடுவது இதனால்தான். இந்த வாதத்தைக் கடிகாரத்தை வைத்தே பெருமளவு தீர்த்துவிடலாம்.

ஒரு வினாடியின் கணக்கு

நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் 11, 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். பந்து அவர் காலடியில் இருக்கும் நேரம் எவ்வளவு? பிரெஞ்சு லீக் ஆட்டங்களை அளந்து 2010-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒரு வீரருக்குச் சராசரியாக 53 வினாடிதான் தேறியது. ஒவ்வொரு முறையும் பந்து அவரிடம் தங்கியது ஏறக்குறைய ஒரு வினாடி. அதற்குள் இரண்டு தொடுகை. அந்த ஒரு வினாடியில் எதிராளி மேலே விழுந்துவிடுவார்.

இனி வேகத்துக்கு வருவோம். தொழில்முறை வீரர்களில் நல்ல ஓட்டக்காரரையும் சராசரி ஓட்டக்காரரையும் 10 மீட்டர் ஓடவிட்டால், இருவருக்கும் இடையே வரும் வித்தியாசம் பெரும்பாலும் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். மறுபக்கம், கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் பதில் சொல்லவே சுமார் 0.2 வினாடி ஆகிறது. அதுவும் ஒரே ஒரு பதில்தான் என்றால்! இடப்பக்கம் கொடுப்பதா, வலப்பக்கம் திரும்புவதா, வந்த வழியே திருப்பி அனுப்புவதா என்று வாய்ப்புகள் கூடக் கூட அந்த நேரமும் கூடுகிறது. இதை 1952-ல் பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் சோதனை மூலம் நிறுவினார். ஹிக் விதி என்றே அதற்குப் பெயர்.

ஆக, காலால் மிச்சப்படுத்தக்கூடியது 0.1 வினாடி. பந்து வருவதற்கு முன்பே முடிவெடுத்து வைத்திருந்தால் மிச்சமாவது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கடுகு வெடித்த பிறகு கறிவேப்பிலையைத் தேடுகிறவர் எத்தனை சுறுசுறுப்பானவராக இருந்தாலும் தாளிப்பு கருகத்தான் செய்யும்.

முதுகுக்குப் பின்னால் என்ன?

விங்கில் ஆடுபவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு காவல். அந்தப் பக்கமிருந்து யாரும் வர முடியாது. நடுவில் நிற்பவரை எந்தத் திசையிலிருந்தும் தாக்கலாம். நம் கண்களோ பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி வரைதான் பார்க்கும். அதிலும் துல்லியமாகத் தெரிவது மையத்தில் இரண்டு டிகிரி மட்டுமே. மற்றதை அறிய ஒரே வழி தலையைத் திருப்புவது.

இந்தத் தலைத் திருப்பலைத்தான் நார்வே விளையாட்டு அறிவியல் கல்லூரியின் உளவியலாளர் கெய்ர் யோர்டெட் ஆண்டுக்கணக்கில் எண்ணிவருகிறார். தொலைக்காட்சியில் கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் நமக்கு இது தெரிவதில்லை. ஆகவே தனி வீரரையே காட்டும் காட்சிகளை எடுத்துக்கொண்டு, பந்து வந்து சேருவதற்கு முந்தைய சில வினாடிகளில் அவர் எத்தனை முறை பந்திலிருந்து பார்வையை விலக்கிச் சுற்றுமுற்றும் நோட்டம் விடுகிறார் என்று கணக்கெடுத்தார். இங்கிலாந்து பிரீமியர் லீகின் நடுக்கள, முன்கள வீரர்கள் 118 பேரை இப்படி அளந்ததில், அதிகமாக நோட்டம் விட்டவர்களின் பாஸ்களில் 81 சதவீதம் சரியாகச் சேர்ந்தன. குறைவாக நோட்டம் விட்டவர்களுக்கு 64 சதவீதம். ஃபிராங்க் லாம்பார்டும் ஸ்டீவன் ஜெரார்டும் வினாடிக்கு 0.6 முறைக்குச் சற்று மேல். ஸாவியின் அளவு 0.83. அதாவது பத்து வினாடியில் எட்டு முறைக்கு மேல்!

எப்போது பார்ப்பது என்பதிலும் சூட்சுமம் உண்டு. சக வீரரின் கால் பந்தைத் தொடும் கணத்தில் பந்தைப் பார்த்தே ஆக வேண்டும். அது எந்தப் பக்கம் போகும் என்பது அங்கேதான் முடிவாகிறது. தொட்டாயிற்று, பந்து உருளத் தொடங்கிவிட்டது என்றால் அடுத்த தொடுகை வரை அதன் பாதை மாறப்போவதில்லை. தேர்ந்த வீரர்கள் தலையைத் திருப்புவது இந்த இடைவெளியில்தான். 15 மீட்டர் தூரம் உருண்டு வரும் பாஸுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அதற்குள் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, திரும்பப் பந்தின் மீது ஒரு பார்வை.

இதிலும் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது. நோட்டம் விடுவதால் பாஸ் சரியாகிறதா, அவகாசம் கிடைத்தவருக்கு நோட்டமும் பாஸும் சேர்ந்தே வாய்க்கின்றனவா? இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம் ஒன்றின் 27 வீரர்களுக்குப் பந்து கிடைத்த 9,574 தருணங்களை யோர்டெட் குழு 2020-ல் அலசியது. எதிராளி நெருங்க நெருங்க நோட்டம் குறைகிறது. பாஸுக்கும் நோட்டத்துக்கும் தொடர்பு இருக்கவே செய்கிறது, ஆனால் சிறியது. பார்ப்பது பாதி வேலைதான். பார்த்ததில் பொருள் காண்பது மீதி.

அந்த மீதியை விளக்கச் சதுரங்கம் உதவுகிறது. 1973-ல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உண்மையான ஆட்டத்தின் நடுவே எடுத்த காய் அமைப்பை ஐந்து வினாடி மட்டும் காட்டி, நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் திணறினார். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போயிற்று. பொதுவான ஞாபகசக்தி அல்ல, பழகிப் பழகிச் சேர்த்த வடிவங்களே அவருடைய பலம். கால்பந்து வீரர்களிடம் ஆட்டக் காட்சிகளைக் காட்டிச் செய்த சோதனைகளிலும் இதே போக்கு தெரிந்தது. களத்தில் நாம் அறிவு என்று சொல்வதில் பெரும்பங்கு, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடிச் சேர்த்த இந்தச் சேமிப்புதான். பள்ளி மதிப்பெண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வேகம் திருப்பி அடித்த நாள்

அப்படியானால் காலுக்கு வேலையே இல்லையா? 2014 ஜூன் 13 அன்று பிரேசிலின் சல்வடோர் நகரில் விடை கிடைத்தது. உலக சாம்பியன் ஸ்பெயினை நெதர்லாந்து 5-1 என்று நொறுக்கியது. ஸ்பெயின் அணியில் 34 வயது ஸாவியும் இருந்தார். செர்ஹியோ ராமோஸைப் பின்னுக்குத் தள்ளி ஆர்யன் ராபன் ஓடிய ஓட்டம் இன்றும் பேசப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டே பயேர்ன் மியூனிக் அணி, சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து ஸாவியின் கழகமான பார்சிலோனாவை 7-0 என வீழ்த்தியிருந்தது.

ஆட்டம் மாறிக்கொண்டிருந்ததை எண்களும் காட்டுகின்றன. பிரீமியர் லீகில் 2006-07 பருவத்துக்கும் 2012-13 பருவத்துக்கும் இடையே ஒரு வீரர் ஓடும் மொத்த தூரம் சுமார் 2 சதவீதமே கூடியது. ஆனால் அதிவேகத்தில் ஓடும் தூரம் 30 சதவீதம் உயர்ந்தது. பாஸ்களின் எண்ணிக்கை 40 சதவீதம். எல்லாரும் வேகமாகிவிட்டார்கள், எல்லாரும் அதிகமாக பாஸ் செய்கிறார்கள். ஒரு முடிவுக்குக் கிடைக்கும் நேரம் இரண்டு பக்கமும் அரிபடுகிறது.

கோல் விழும் கணத்தில் வேகத்தின் பங்கு பெரிது என்பதையும் மறுக்க முடியாது. ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் விழுந்த 360 கோல்களை 2012-ல் ஆராய்ந்தபோது, கோல் அடித்தவர் அதற்கு முன் பெரும்பாலும் செய்தது நேர்க்கோட்டுப் பாய்ச்சல் ஓட்டம் என்று தெரிந்தது. ஆனால் அது முன்களத்தின் கதை. டோரஸுக்கு வேண்டியது ஸாவிக்கும் அதே அளவில் வேண்டும் என்பதில்லை.

நடுக்களத்தில் வேகம் என்பது நுழைவுச்சீட்டு. அது இல்லாமல் உள்ளே வர முடியாது. அந்தச் சீட்டின் விலையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது. உள்ளே வந்த பிறகு ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது, பந்து வருமுன் அவர் சேர்த்து வைத்திருக்கும் நேரம். லூகா மோட்ரிச் 33 வயதில், கால்கள் மெல்ல இறங்கத் தொடங்கும் பருவத்தில்தான், 2018-க்கான பாலோன் தோர் வென்றார். ஓயாத ஓட்டத்துக்குப் புகழ்பெற்ற என்கோலோ கான்டே, லெஸ்டர் அணி பிரீமியர் லீக் கோப்பையை வென்ற 2015-16 பருவத்தில் பந்தை இடைமறித்ததிலும் முன்னணியில் நின்றார். பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே ஊகிக்காதவரால் இடைமறிக்க முடியாது.

பயிற்சியாளர்களுக்குத்தான் இதில் பாடம் இருக்கிறது. வேகத்தை அளக்க ஸ்டாப் வாட்ச் போதும். நோட்டத்தை அளக்க அப்படி ஒரு கருவி கையில் இல்லை. எனவே 13 வயதுச் சிறுவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஓட்டமே கண்ணில் படுகிறது. ஐரோப்பிய இளையோர் அணிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இடம்பெறுவது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஜனவரி முதல் தேதியை வைத்து வயதைப் பிரிப்பதால், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த சிறுவன் சில மாதம் மூத்தவன், கொஞ்சம் வளர்ந்தவன், அதனால் வேகமானவன். அந்த உடல் அனுகூலம் வளர வளரப் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது. அதற்குள், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஆடிய குள்ளப் பையன் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பான். மைதானத்தின் ஓரத்தில் ஒரு செல்போனை நிறுத்தி, பந்தை விட்டுவிட்டு அவன் தலையை மட்டும் பத்து நிமிடம் படம் பிடித்தால் போதும். ஓட்டப்பந்தயம் சொல்லாததை அது சொல்லிவிடும்.