வற்றும் ஏரியும் வடக்கே கிளம்பும் பறவைகளும்

திருவண்ணாமலை வட்டாரத்து ஏரிகள் பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் நீர்வரத்துப் பெறும் அவை, பாசனத்தாலும் வெயிலாலும் மாசி, பங்குனியில் சுருங்கி, கரைக்கு எதிர்ப்புறத்தில் அகன்ற சேற்றுப் பரப்பை வெளிக்காட்டுகின்றன. ஊருக்குத் தென்மேற்கே, அண்ணாமலை தெளிவாகத் தெரியும்படி விரிந்துகிடக்கும் சமுத்திரம் ஏரியும் இதற்கு விலக்கன்று. ஏரி வற்றினால் உழவர் மனம் வாடுவது இயல்பே. ஆயினும் வலசைப் பறவைகளுக்கு, அதாவது ஆண்டுதோறும் குளிர்கால வாழிடத்துக்கும் கூடுகட்டும் நிலத்துக்கும் இடையே சென்று திரும்பும் பறவைகளுக்கு, ஏரி மிகுதியாகப் பயன்படும் காலம் இதுவே.

பங்குனி மாதத்தில் பறவை நோக்குவோர் விடியலிலேயே ஏரிக்கு வந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் சேற்றின் மேல் கானல் அலைந்து, தொலைநோக்கியில் தெரியும் உருவங்கள் கலங்கிவிடும். இளவெயில் முதுகில் விழும்படி கரையில் நின்று பார்த்தால், வெறும் சேறாகத் தோன்றிய இடம் நுட்பமாகப் பங்கிடப்பட்டிருப்பது புலனாகும். குட்டை அலகுடைய பட்டாணி உப்புக்கொத்தி ஈரம் குறைந்த மேட்டில் சில அடி ஓடி, சட்டென நின்று, கண்ணில் பட்ட பூச்சியைக் கொத்துகிறது. கொசு உள்ளான் நீர்விளிம்பில் இடைவிடாமல் குத்திக்கொண்டு நகர்கிறது. பொறி உள்ளான் கணுக்காலளவு நீரில் நடந்து மேய்கிறது. தமிழகத்து நீர்நிலைகளுக்கு வரும் கருவால் மூக்கனோ நீண்ட அலகை ஆழமாகச் சேற்றில் செலுத்துகிறது; அலகு நுனியில் செறிந்த தொடு உணர்வு உறுப்புகளால் கண்ணுக்குத் தெரியாத புழுவைக் கண்டறிந்து, அலகு முழுவதையும் திறவாமல் நுனியை மட்டும் விரித்துப் பற்றிக்கொள்கிறது. நீர் ஓரடி உயர்ந்தாலும் இந்தப் பங்கீடு குலைந்துபோகும்.

இத்தனை அவசரமாக உண்பதற்குக் காரணம் உண்டு. இருபது முதல் முப்பது கிராம் வரையே எடையுள்ள கொசு உள்ளான், ஆர்க்டிக் பகுதியின் மரமற்ற குளிர்நிலமாகிய துந்திராவில் குஞ்சு பொரிப்பது. அங்கே பனி உருகும் குறுகிய கோடைக்குள் போய்ச் சேர வேண்டுமெனில், பயணத்துக்கான எரிபொருளாகிய கொழுப்பை வழியிலுள்ள நீர்நிலைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வடமுனைக் கடலோரத்திலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை சுமார் முப்பது நாடுகளை இணைக்கும் மத்திய ஆசிய வான்வழியில் இந்த ஏரிகளும் அடங்கும். கோடியக்கரை போன்ற பெரிய இடங்கள் புகழ் பெற்றுவிட்டன. ஊர் ஏரிகளின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்பது உண்மை.

நண்பகலில் பறவைகள் ஓய்ந்துவிடும். அவ்வேளையில், பல ஆண்டுகளாக மரம் நட்டு மீட்கப்பட்டுவரும் மலையடிவாரத்து நிழலுக்குச் செல்வது நன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் ஆறுமணிக் குருவி, சித்திரையை ஒட்டிய நாட்களில் இத்தகைய புதர்க்காடுகளில் சருகைக் கிளறுவதைக் காண வாய்ப்புண்டு.

மாலையில் மீண்டும் ஏரிக்கு வருவோர் இறகின் நிறமாற்றத்தைக் கவனிக்கலாம்: மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகிறது, உண்ணிக்கொக்கின் தலையில் ஆரஞ்சு நிறம் ஏறுகிறது. இவை இங்கேயே தங்கிக் கூடுகட்டுபவை. உள்ளான்களிலோ நெடும்பயணம் செல்பவை பெரும்பாலும் அந்தி நேரத்தில், காற்று சாதகமாக வீசும் நாளில், கூட்டமாகக் குரலெழுப்பியபடி கிளம்புகின்றன.

தூர்வாரும் பணியும் இதே கோடை மாதங்களில்தான் நடைபெறுகிறது. சீமைக் கருவேலத்தை அகற்றுவதும் வண்டலை எடுப்பதும் தேவையே; ஆனால் ஏரி முழுவதையும் செங்குத்தான குழியாகத் தோண்டினால் நீர் தேங்கும், சேற்று விளிம்பு மட்டும் இல்லாமற்போகும். கரையை ஒட்டிய பகுதியை ஆழப்படுத்தி, எதிர்ப்புறத்துச் சரிவை அப்படியே விட்டுவைத்தால், பாசனத்துக்கும் நீர் கிடைக்கும். அடுத்த பங்குனியில் உள்ளான்களுக்கும் மேய்ச்சல் நிலம் எஞ்சும்.