உருளட்டும் பந்து... ஏறட்டும் ஸ்கோர்!

சிம்போசியம் ஸ்டாலில் இந்த வருஷமும் வளையம் எறியுற அதே பழைய விளையாட்டா? போரடிக்குதே பாஸ்! 'ஸ்கீ பால்' ட்ரை பண்ணுங்க. சரிவுப் பலகையில் பந்தை உருட்டிவிட்டால், நுனியில் ஒரு துள்ளு துள்ளி 10, 20, 30, 40, 50 என்று எழுதிய வளையங்களில் ஏதாவது ஒன்றில் போய் விழும். அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த ஜோசப் சிம்ப்சன், 1908-ல் காப்புரிமை வாங்கிய விளையாட்டு இது.

ப்ளைவுட், ஆணி, பெயின்ட் இருந்தால் பலகை ரெடி. ஆனால், உங்க மானம் இருக்கிறது ஸ்கோர் போர்டில்! 50-ல் விழுந்த பந்துக்கு பூஜ்யம் காட்டினால் க்யூவே பார்த்துக்கிட்டு இருக்கும். 'டுபாக்கூர் மெஷின்டா'னு ஒருத்தர் சொன்னால் போதும்... ஸ்டால் காலி! ஒரு பந்துக்கு ஒரே ஒரு தடவை எண்ணணும். விடவும் கூடாது, ரெண்டாக்கவும் கூடாது. இதுதான் நல்ல சென்ஸாருக்கு இலக்கணம்.

எதை வாங்கலாம்?

மைக்ரோ ஸ்விட்ச்: நீளமான லீவர் வைத்ததாகப் பார்த்து வாங்குங்க. வெயில், லைட் எதுவும் இதைப் பாதிக்காது. கனமான மரப்பந்து என்றால் இதுவே போதும். லேசான பிளாஸ்டிக் பந்து, லீவரை அழுத்தாமலே நழுவிடும்.

ஐ.ஆர். கதிர்: ஒரு பக்கம் இன்ஃப்ரா ரெட் எல்.இ.டி., எதிர்ப்பக்கம் போட்டோ டிரான்சிஸ்டர். பந்து குறுக்கே வந்து கதிரை மறித்தால் பாயின்ட். பந்தின் எடை பிரச்னையே இல்லை. வில்லன், வெயில்தான்! சூரிய ஒளியிலும் இன்ஃப்ரா ரெட் இருக்கிறதே... ரிசீவரை பலகைக்கு அடியில், நிழலில் மறைச்சு வைங்க.

பியஸோ: அதிர்வைக் கேட்டு சிக்னல் தரும். பக்கத்து வளைய அதிர்வையும் சேர்த்துக் கேட்கும் என்பதுதான் தலைவலி.

டென்னிஸ் பந்து வைத்து ஆடுறீங்களா? என் ஓட்டு ஐ.ஆர். கதிருக்கே!

எங்கே வைப்பது?

வளையத்துக்குள்ளேயே வைக்காதீங்க. அங்கே பந்து குதித்து வெளியேறவும் வாய்ப்புண்டு. ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே நாலு இன்ச் பி.வி.சி. குழாய் மாட்டி, 20 செ.மீ. கீழே கதிரைப் பாய்ச்சுங்க. குழாயின் உள்விட்டம் சுமார் 10 செ.மீ., பந்து 6.5 செ.மீ. கதிர் நட்ட நடுவில் போனால், பந்து எந்தப் பக்கம் ஒட்டி வந்தாலும் தப்பவே முடியாது. ஓரமாக வைத்தால் எதிர்ப்பக்கமா நழுவிடும்.

20 செ.மீ. விழுந்த பந்தின் வேகம் விநாடிக்கு சுமார் 2 மீட்டர். அதாவது, கதிரை அது மறிப்பது 30 மில்லி செகண்ட் போலத்தான்! உங்க ஆர்டுயினோ ப்ரோக்ராமில் அரை செகண்ட் 'டிலே' போட்டிருந்தால், அது தூங்கும்போது பந்து கடந்து போயிருக்கும். டிலேயைத் தூக்கிடுங்க. கதிர் அறுபடும் அந்தக் கணத்தில் மட்டும் பாயின்ட் கொடுத்துட்டு, அந்த ஓட்டையை 200 மில்லி செகண்டுக்குக் கண்டுக்காதீங்க. மைக்ரோ ஸ்விட்சுக்கும் இதே மருந்துதான். ஒருமுறை அழுந்தினாலும் உள்ளே தகடு சில மில்லி செகண்ட் துள்ளும். அதையெல்லாம் தனித்தனி பாயின்டாக எண்ணிடும்.

கடைசியா ஒரு டிப்ஸ்...

எதிலும் விழாத பந்துகள் உருண்டு வரும் பள்ளத்திலும் ஒரு சென்ஸார் வைங்க. ஆட்டத்துக்கு 9 பந்து என்றால், எல்லா சென்ஸாரும் சேர்ந்து 9 காட்டணும். 8 வந்தால் ஏதோ ஒன்று கோட்டை விட்டிருக்கு, 10 வந்தால் ஏதோ ஒன்று ரெண்டு தடவை எண்ணியிருக்குனு அர்த்தம். முந்தின நாளே ஒவ்வொரு ஓட்டையிலும் 20 தடவை பந்தைப் போட்டு டெஸ்ட் பண்ணிடுங்க. 19 வந்தால்கூட திருப்திப்படாதீங்க!

நாளைக்கு ஒரு ஜூனியர், 'அண்ணா, அம்பது!'னு துள்ளிக் குதிப்பான். போர்டும் அதையே சொல்லணும் இல்லையா?