நிலவறையில் ஒரு தச்சுப்பட்டறை

வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் வீடு கட்டுகிறவர்கள், பனிக்காலத்தில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருத்து அஸ்திவாரத்தையே மேலே தூக்கிவிடும் என்பதனால், உறைபனி எட்டாத ஆழம்வரை தோண்டியே கடைக்கால் இடுகிறார்கள். மினஸோட்டா மாகாணத்தின் தென்பகுதியில் அந்த ஆழம் 42 அங்குலம், வடபகுதியில் 60 அங்குலம் என்று கட்டட விதியே வகுத்திருக்கிறது. இவ்வளவு தோண்டியவர்கள், இன்னும் சில அடி தோண்டினால் வீட்டின் அகலத்துக்கு ஓர் அறையே கிடைத்துவிடும் என்று கண்டதன் பலன்தான் நிலவறை. வீட்டைச் சூடாக்கும் உலையும் வெந்நீர்க் கலமும் துணி துவைக்கும் யந்திரமும் குடிகொண்டது போக எஞ்சிய பாகத்தில், பகலெல்லாம் ஆபீஸ் காகிதங்களோடு மல்லுக்கு நின்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உளியும் இழைப்புளியுமாக உட்புகுந்து மனச்சாந்தி தேடுவது அந்நாட்டில் வெகுநாளைய வழக்கம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து புதுக் குடும்பங்கள் பெருகிய காலத்தில் இவ்வழக்கம் வேரூன்றியது. வட்ட ரம்பமாகவும், கடைசல் யந்திரமாகவும், துளையிடும் கருவியாகவும், மெருகிடும் தட்டாகவும் ஒரே மோட்டாரைக்கொண்டு மாற்றி மாற்றி உபயோகிக்கத்தக்க ஷாப்ஸ்மித் என்ற யந்திரத்தை ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் 1947-ஐ ஒட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது, சிறிய அறைக்காரர்களுக்குப் பேருதவி ஆயிற்று. பின்னர் 1989 முதல் 2009 வரை நார்ம் ஆப்ரம் என்ற தச்சர் பொதுத் தொலைக்காட்சியில் வாரந்தோறும் மரச்சாமான் செய்து காட்டியபோது, ‘நமக்கும் இது வரும்’ என்ற தைரியம் இன்னும் பலருக்குப் பிறந்தது.

தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்த ரம்பம் வாங்கலாம் என்ற ஆலோசனையிலேயே மூழ்கிப்போகிறார்கள். ஆனால் நிலவறைப் பட்டறையில் பிரதானம் ரம்பமன்று, அறை. அதன் ஈரத்தையும் காற்றையும் வழியையும் வசப்படுத்திக்கொண்டவர்க்கே ஆயுதங்களால் பிரயோஜனம் உண்டு.

முதலில் ஈரம். மரம் வெட்டுண்டு பலகையான பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கிறது. நீளவாக்கில் அநேகமாக மாறாத பலகை, குறுக்குவாக்கில் விரிந்து சுருங்குகிறது. வெயில் காலத்தில் புழுக்கமான காற்று நிலவறையின் குளிர்ந்த காங்கிரீட் சுவரைத் தொட்டு ஈரம் மிகுதலும், பனிக்காலத்தில் உலையின் வெப்பத்தால் அதே காற்று வறண்டுபோதலும் ஆண்டுதோறும் நிகழ்வதால், ஆகஸ்டில் அங்கே இறுக்கிப் பொருத்திய மேஜைப் பலகை, சுருங்க இடம் விடாமல் ஆணி அறையப்பட்டிருந்தால், ஜனவரியில் வெடித்துவிடும். வார்ப்பிரும்பு யந்திரங்களில் துரு ஏறுவதும் இந்த ஈரத்தாலேயே. தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரங்களையும் ஒட்டி ஓரிரு நாள் விட்டுப் பார்த்தால், தாளின் அடியில் நீர் கோத்திருப்பின் அது மண்ணிலிருந்து வருவதென்றும், மேலே கோத்திருப்பின் காற்றிலிருந்து வருவதென்றும் ஊகிக்கலாம். முன்னதற்குக் கூரைநீரையும் முற்றத்து நீரையும் சுவரைவிட்டு அப்பால் ஓடச் செய்வதும், பின்னதற்கு ஈரம் உறிஞ்சும் யந்திரம் ஒன்றை ஓடவிடுவதும் பரிகாரம். பலகைகளைச் சுவரில் சாய்க்காமலும் தரையில் கிடத்தாமலும், காற்றோடும்படி தாங்கிகளில் அடுக்க வேண்டும்.

அடுத்தது காற்று. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் வகைப்படுத்தியது. கண்ணுக்குத் தெரியும் சீவலைவிட, கண்ணுக்குப் புலப்படாமல் மணிக்கணக்கில் மிதக்கும் நுண்தூளே சுவாசகோசத்துக்குப் பகை. நிலவறையிலோ உலையின் விசிறி அதை வாரிக்கொண்டுபோய்ப் படுக்கையறை வரைக்கும் விநியோகித்துவிடும். தூளுறிஞ்சியின் காற்றை வெளியே தள்ளிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணுவதிலும் ஓர் அபாயம் உண்டு: வெளியேறிய காற்றுக்கு ஈடாக வேறு காற்று உள்ளே வர வழியில்லையானால், உலையின் புகைக்குழாய் வழியே மேலே போகவேண்டிய கார்பன் மோனாக்ஸைடு திரும்பி அறைக்குள்ளேயே இறங்கிவிடும். ஆகையால் நல்ல வடிகட்டியும் புதுக்காற்று நுழையும் வழியும் அவசியம். நச்சுவாயுவை அறிவிக்கும் மணியும் இருக்கவேண்டும். எளிதில் தீப்பற்றும் வார்னிஷ் வகைகளை உலையின் சுடர் எரியும் அறையில் தெளிக்கவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையதாதலால், அதை வெளியே விரித்து உலர்த்திய பின்பே எறிய வேண்டும்.

மின்சாரத்தில் ஒரு சிறு நுட்பம் உண்டு. விளக்குகளையும் யந்திரங்களையும் ஒரே சுற்றில் இணைத்தால், ரம்பம் திணறி மின்சாரம் அறுபடும் கணத்தில், பற்கள் சுழன்றுகொண்டிருக்க அறை இருண்டுபோகும். எனவே இரண்டுக்கும் தனித்தனிச் சுற்று வேண்டும். ரம்பத்தைப் பற்றியே அச்சமுடையவர்களுக்கு, ஸ்டீவன் காஸ் கண்டுபிடித்த ஸாஸ்டாப் என்னும் ஏற்பாடு 2004 முதல் கிடைக்கிறது. விரல் தொட்ட மாத்திரத்தில் ரம்பத்திலுள்ள மெல்லிய மின்னோட்டம் மாறுவதை உணர்ந்து, அலுமினியக் கட்டை ஒன்று பற்களில் பாய்ந்து, சுமார் 5 மில்லி விநாடியில் சுழற்சியை நிறுத்திவிடும். மேல்மாடியில் குழந்தைகள் உறங்கும் வேளையிலோ, கைவாளும் கொட்டாப்புளியுமே உத்தமம்.

கடைசியாக வழி. ஒட்டுப்பலகை 4 அடிக்கு 8 அடி அளவில் வருகிறது. குறுகித் திரும்பும் படிக்கட்டில் அதை இறக்குவது பகீரதப் பிரயத்தனம். கடையிலேயே அறுத்து வாங்குவது புத்திசாலித்தனம். இறக்குவதைவிட ஏற்றுவதில்தான் சங்கடம் அதிகம். என்.ஸி.ஐ.எஸ். என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் கிப்ஸ் என்னும் பாத்திரம் நிலவறையில் படகு கட்டுவதும், அது எப்படி வெளியே போகும் என்று பிறர் வியப்பதும் தொடர்ந்து வரும் வேடிக்கை. கதையில் படகு போய்ச் சேர்ந்துவிடலாம். நிஜத்தில் அலமாரி நிலைப்படியில் சிக்கிக்கொள்ளும். அதனால் அனுபவசாலிகள் பெரிய சாமான்களைப் பகுதி பகுதியாகக் கீழே செய்து, கழுந்தையும் துளையையும் மேலே கொண்டுபோன பிறகே பூட்டுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியதும் மரத்தையன்று, படிக்கட்டையே.