சோதனை நடை (மலையேற்றம்)

சோதனை நடை என்பது, பல நாள் மலையேற்றத்துக்குச் செல்லவிருக்கும் ஒருவர், அப்பயணத்துக்கான முழுச் சுமையையும் தூக்கிக்கொண்டு, வீட்டுக்கு அருகிலேயே ஒரு பகலும் ஓர் இரவும் தனியாகக் கழித்துப் பார்க்கும் ஒத்திகை ஆகும். ஆங்கிலத்தில் இது 'ஷேக்டவுன் ஹைக்' எனப்படுகிறது. புதிய கப்பலைக் கடலில் ஓட்டிக் குறைகளைக் கண்டறியும் வெள்ளோட்டத்துக்கு வழங்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. அமெரிக்காவில் சுமார் 3,500 கி.மீ. நீளமுள்ள அப்பலாச்சியன் பாதையில் நடக்கச் செல்வோரிடையே இது பரவலான வழக்கம்.

நோக்கம்

காலணி கடிப்பது, பையின் வார் தோளை அறுப்பது, அடுப்பு பற்றாமல் போவது போன்ற குறைகள் கடையில் பொருள் வாங்கும்போது தெரிவதில்லை. பல மணி நேரம் நடந்த பிறகே வெளிப்படுகின்றன. அவை வீட்டுக்கு அருகில் வெளிப்பட்டால் ஓர் ஆட்டோ பிடித்துத் திரும்பிவிடலாம்; மலையில் அந்த வாய்ப்பு இல்லை. குழுவாகச் சென்றால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் கொடுத்து உதவுவார் என்பதால் குறை மறைந்துவிடும். ஒத்திகையைத் தனியாகச் செய்வதற்கு இதுவே காரணம்.

சட்டமும் பாதுகாப்பும்

தனியாகச் செய்யும் ஒத்திகைக்குக் காடு ஏற்ற இடமன்று. சென்னையின் தென்புறத்தில் நன்மங்கலம், வண்டலூர் ஆகிய காப்புக்காடுகள் உள்ளன. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றமாகும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்தும் சென்றிருந்த மலையேற்றக் குழுவினரில் 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு அதே ஆண்டில் வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் கீழ் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் இணையவழியில் முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல முடியும். காட்டுத்தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதைகள் மூடப்படுவதுண்டு.

சிறுசேரிப் பகுதியில் ஒத்திகை

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய சிறுசேரி, சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைக் கொண்ட சமவெளிப் பகுதி. இங்கு மலை இல்லாததால் ஒத்திகையை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்.

சுமை நடை: கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரை வரை சென்று திரும்புவது ஒரு பகலுக்குப் போதுமானது. கடற்கரை மணலில் நடப்பது கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் கூடுதல் வேலை கொடுக்கும். வழியெங்கும் பேருந்தும் ஆட்டோவும் கிடைப்பதால் எந்த இடத்திலும் நடையை நிறுத்திக்கொள்ளலாம். பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது பொதுவான வரம்பு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 12 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், மூன்று லிட்டர் எடுத்தாலே அதில் கால் பங்கு போய்விடும்.

ஏற்றம்: அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படிக்கட்டே இங்குள்ள மலை. ஒரு தளம் சுமார் 3 மீ. எனக் கொண்டால், பத்து தளங்களை 20 முறை ஏறுவது 600 மீ. ஏற்றத்துக்குச் சமம். இதைப் பல நாட்களாகப் பிரித்துச் செய்யலாம். இறங்குவதற்கு லிப்டைப் பயன்படுத்தக் கூடாது. மலையில் முழங்காலுக்கும் தொடைக்கும் இறக்கமே அதிகச் சோதனை. சுமார் 565 படிகள் கொண்ட திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலும் பயிற்சிக்கு உதவும்.

இரவு: மொட்டைமாடியிலோ, உரிமையாளரின் அனுமதியுடன் ஒரு தோப்பிலோ தங்கலாம். கூடாரத்தை இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் கட்டி, பையில் உள்ள அடுப்பிலேயே சமைத்து, கொண்டுவந்த விரிப்பிலேயே படுக்க வேண்டும். காலைவரை வீட்டிலிருந்து எதையும் எடுப்பதில்லை என்பதே விதி. எதற்காக வீட்டுக்குள் போகத் தோன்றியதோ, அதுவே பையில் விடுபட்ட பொருள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், ஜனவரியும் பிப்ரவரியும் இதற்கு ஏற்ற மாதங்கள். கடலோர ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலராததால் உடல் சூடு தணிவதில்லை. எனவே விடியற்காலையில் புறப்படுவது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல் உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்ல வேண்டும். 108, 112 ஆகியவை அவசர உதவி எண்கள்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்குப்படி, சுமார் 5 கி.மீ. நடைக்கு ஒரு மணி நேரமும், 600 மீ. ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். இதன்படி 600 மீ. ஏற்றமுள்ள 10 கி.மீ. பாதைக்கு மூன்று மணி நேரம் தேவை. சுமையும் ஓய்வும் இதில் சேரவில்லை. சோதனை நடையில் ஒருவர் 5 கி.மீ. தூரத்துக்கு உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தைப் போட்டால், அவருக்குரிய கணக்கு கிடைக்கும். இருட்டுவதற்குள் முகாமை அடைய முடியுமா என்பதை அதைக்கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

ஒத்திகையில் தெரியவராதவை

உயரம் 1,000 மீ. கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. கேரளத்திலுள்ள அகத்தியர்கூடம் சுமார் 1,868 மீ. உயரமுடையது. அங்கு வனத்துறை அனுமதியுடன், அதிருமலை முகாமில் இரவு தங்கிச் செல்லும் பயணத்துக்கு மூன்று நாட்கள் ஆகும். சிறுசேரி மாடியில் வசதியாக இருந்த மெல்லிய போர்வை அத்தகைய மலைகளின் குளிருக்குப் போதாது. அட்டை, வழுக்குப்பாறை, வனவிலங்கு ஆகியவற்றையும் சமவெளியில் பழக முடியாது. ஆகவே சோதனை நடையை வெற்றிகரமாக முடித்தவரும், முதல் நீண்ட பயணத்துக்கு முன் வழிகாட்டியுடன் ஒருநாள் மலைப்பாதை ஒன்றில் சென்று வருவது நல்லது.