கொட்டிய தூளும் வாங்கும் பொடியும்

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்க்குக் ‘கே ரேஷன்’ என்ற அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று. உள்ளே டப்பா இறைச்சி, பிஸ்கட், சூயிங்கம், சில சிகரெட்டுகள், தண்ணீரில் கலக்க எலுமிச்சைத் தூள். வைட்டமின் சி-க்கு ராணுவம் நம்பியிருந்தது அந்தத் தூளைத்தான். பல்லைக் கூசவைக்கும் புளிப்பு. சிகரெட்டைப் பத்திரப்படுத்தியவர்கள் தூளைக் கொட்டினார்கள். தரை தேய்க்க நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்வார்கள்.

அந்த ரேஷனை வடிவமைத்த ஆன்சல் கீஸுக்கு எதையும் அளந்து பார்க்காமல் விடும் வழக்கமில்லை. மின்னசோட்டா பல்கலைக்கழகக் கால்பந்து அரங்கத்தின் அடியில்தான் அவருடைய ஆய்வுக்கூடம். ராணுவச் சாப்பாட்டோடு கூடுதலாக வைட்டமினும் கொடுத்து, சிப்பாய்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டார். 1942-இல் வந்த முடிவு சுருக்கமானது: சரியாகச் சாப்பிடுகிறவனுக்கு மேற்கொண்டு வைட்டமின் கொடுத்தாலும் களைப்பு குறைவதில்லை, உழைக்கும் திறனும் கூடுவதில்லை. மாத்திரை விற்பவர்களுக்கு இது இனித்திருக்காது.

இன்றைய ரேஷன் எவ்வளவோ தேறிவிட்டது. சிகரெட் 1975-இல் நின்றது. சூயிங்கம் மட்டும் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. ஒரு துண்டில் 100 மில்லிகிராம் காஃபீன். மெல்லும்போதே வாயின் உட்புறத் தோல் வழியாக இரத்தத்தில் கலப்பதால் மாத்திரையைவிட வேகமாக வேலைசெய்கிறது. இரவெல்லாம் கண்விழித்துக் காவல் நிற்பவனுக்கு அது உதவும் என்பதைச் சோதித்துப் பார்த்தே சேர்த்தார்கள். கீஸின் வழிமுறை அந்த அளவுக்கு இன்னும் உயிரோடிருக்கிறது.

ஆனால் சிப்பாயின் கை ரேஷனோடு நிற்பதில்லை. 2010-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அமெரிக்கத் தரைப்படையில் நூற்றுக்கு 53 பேர் வாரம் ஒருமுறையாவது ஏதோ ஒரு சத்து மாத்திரையையோ பொடியையோ எடுத்துக்கொண்டார்கள். புரோட்டீன் பவுடர், மல்டிவைட்டமின், கிரியேட்டின், எல்லாம் சொந்தக் காசில், கடையும் முகாமுக்குள்ளேயே. கிரியேட்டினுக்காவது பலன் உண்டு, குறுகிய நேரக் கடும் உழைப்புக்கு அது கைகொடுக்கும். மற்ற பலவற்றுக்கு விளம்பரம்தான் சாட்சி. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி இவற்றை விற்க மருந்துகளைப்போல அரசின் முன் அனுமதி தேவையில்லை. ஆகவே அளப்பது பெரும்பாலும் விற்ற பிறகுதான்.

உடற்பயிற்சியின்போது சுருண்டு விழுந்து இறந்த இரண்டு சிப்பாய்களின் உடலில் டிஎம்ஏஏ என்ற ஊக்கப்பொருள் இருந்தது. மரணத்துக்கு அதுவே காரணம் என்று அறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் 2011 டிசம்பரில் அது கலந்த பொடிகள் முகாம் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன.

இப்போது பாதுகாப்புத் துறை, தடைசெய்த பொருள்களின் பட்டியலை வெளியிடுகிறது. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் அச்சிட்ட பெயர்களை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது சிப்பாயின் பாடு. டிஎம்ஏஏ-வே சில லேபிள்களில் ஜெரேனியம் செடியின் சாறு என்றுதான் இருந்தது.