சிலை வாங்கப் போகிறவர்களுக்கு

கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைப் பார்க்கிறோம். மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்க்கிறோம். பூஜை அறைக்கோ வீட்டு முற்றத்திற்கோ ஒரு கற்சிலை வாங்கப் புறப்பட்டால் மட்டும், கடைக்காரர் சொல்லும் விலையையும் சிலையின் பளபளப்பையும் தவிர வேறொன்றையும் நாம் கவனிப்பதில்லை. பானை உடைந்தால் அடுத்த சந்தையில் வேறொன்று வாங்கிக் கொள்ளலாம். சிலையோ நம் பேரன் காலத்திலும் நிற்கப் போவது. அதற்குக் கொஞ்சம் பரீட்சை வேண்டாமா?

சேலம், நாமக்கல் சீமையில் வசிப்பவர்கள் இந்தப் பரீட்சையைக் கற்றுக்கொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. கல்சட்டிக்குப் பேர்போன மாக்கல்லும், கோயில் கட்டும் கருங்கல்லும் இப்பக்கத்தார் பார்த்துப் பழகியவையே. மாக்கல்லில் நகத்தால் கீறினாலே கோடு விழும். அதன் தூள் விரலில் வழவழவென்று ஒட்டும். கருங்கல்லிலோ பேனாக்கத்தி கூடத் தோற்றுப் போகும். மாக்கல் சிலை மட்டமானதல்ல. ஆனால் அதற்குக் கருங்கல் விலை கொடுப்பது புத்திசாலித்தனமல்ல. கருங்கல்லில் உளி முனை மழுங்க மழுங்கத் தீட்டி வேலை செய்ய வேண்டும். நாளும் கூலியும் அதிகம். விலை வித்தியாசத்திற்குக் காரணம் அதுதான்.

கற்பொடியைப் பசையுடன் குழைத்து அச்சில் வார்த்த சிலைகளும் இக்காலத்தில் சந்தைக்கு வருகின்றன. சிலையைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். உளித் தழும்போ அறுத்த தடமோ இல்லாமல், ஊசி முனை போன்ற குமிழித் துளைகளும் பக்கவாட்டில் அச்சு பொருந்திய கோடும் தெரிந்தால், அது செதுக்கியதல்ல, வார்த்தது.

அடுத்தது ஓசை. கல்லைத் தட்டி, அதன் நாதத்தைக் கொண்டு ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று தரம் பிரிப்பது நமது சிற்ப சாஸ்திர மரபு. மணியோசை போல் கணீரென்று ஒலிப்பது ஆண் கல். நாதமே இல்லாதது அலிக் கல். இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். உள்ளே பிளவு இருந்தால் அதிர்வு அங்கே தடைப்பட்டு ஓசை மழுங்கும். ஆகவே சிலையை ஒரு மரக்கட்டையின் மேல் வைக்கச் சொல்லி, நாலைந்து இடங்களில் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ‘பொத்’ என்றால் அந்த இடத்தைச் சந்தேகிக்கலாம்.

பிறகு ஒரு செம்பு ஜலம் கேளுங்கள். சிலையை நனைத்துத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்தால், மற்ற இடம் உலர்ந்த பின்னும் வெடிப்பு மட்டும் கறுத்த கோடாக நிற்கும். எண்ணெயும் மையும் பூசிய சிலையில் இது பலிக்காது. ஆகையால் பூசாத சிலையையே காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் பூச்சின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கல் தேறியபின் வேலைப்பாட்டுக்கு வருவோம். தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில், கல் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை புரளுகிறது. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. பல்லிடுக்கின் வழியே உளியை விட்டு உள்ளேயே செதுக்கிய உருண்டை அது! உளி எளிதில் போக முடியாத இடத்தில்தான் சிற்பியின் திறமை தெரியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எனவே முகத்தை மட்டும் பார்த்து மயங்காமல் காதின் பின்புறம், விரலிடுக்கு, கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள வெளி ஆகியவற்றைப் பாருங்கள்.

அளவுக்கு ஒரு நூல் போதும். நவதாளச் சிலையில் முகம் பன்னிரண்டு அங்குலம். மொத்த உயரம் நூற்றெட்டு, அதாவது ஒன்பது முகம். இது சாஸ்திர அங்குலமே தவிர, அடிக்கோல் அங்குலமல்ல. பிள்ளையாருக்கு ஐந்து தாளமே வழக்கம். நூலால் முகத்தை அளந்து உடலோடு ஒப்பிட்டால் குறை தெரிந்துவிடும். கண் பழக வேண்டுமானால், 8-ஆம் நூற்றாண்டில் அதியர் குல மன்னர் நாமக்கல் மலையைக் குடைந்து அமைத்த நரசிம்மர் குடைவரையைப் போய்ப் பாருங்கள். தாய்ப்பாறையில் தவறினால் வேறு கல் மாற்ற முடியாது. அவ்வளவு நிதானம் அந்த உளியில்!

கடைசிப் பரீட்சை மிக முக்கியமானது. “இது பழைய கோயில் சிலை” என்று யாராவது காதோடு சொன்னால், மகிழ வேண்டாம், எச்சரிக்கையாயிருங்கள். விருத்தாசலம் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலையை 2004-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸ் கலைக்கூடமே விலை கொடுத்து வாங்கியது. பின்னர் அது திருட்டுச் சொத்து என்று தெரிந்து, 2014-ல் நம் நாட்டிற்குத் திரும்பி வந்தது. நிபுணர்கள் நிறைந்த இடத்திற்கே இந்தக் கதி! 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டுக்கு மேற்பட்ட சிலையை விற்க உரிமம் வேண்டும். வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. பத்திரம் இல்லாத பழஞ்சிலை எவ்வளவு அழகாயிருந்தாலும், அதன் பீடம் ஏதோ ஓர் ஊரில் வெறுமையாய்க் கிடக்கலாம் என்பதை நினைத்துக் கொள்ளுங்கள்.

புதுச் சிலையையே வாங்குங்கள். கூடுமானால் செதுக்கிய சிற்பியிடமே வாங்குங்கள். இத்தனை பரீட்சையிலும் அவர் வேலை தேறிவிட்டதானால், பிறகு கூலியில் பேரம் பேசாதிருப்பதே நாம் செய்யக்கூடிய மரியாதை.