உப்பளக் கரையில் ஒரு மிதிவண்டிப் பாதை

கடந்த மாசி மாதத்தில் ஒருநாள், விடிவதற்கு வெகுநேரம் முன்பே தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு நோக்கி மிதிவண்டியில் புறப்பட்டேன். ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் திருச்செந்தூரைக் கடந்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. முத்தையாபுரத்தைத் தாண்டுவதற்கு முன்பே எனக்குத் துணை கிடைத்துவிட்டது. கைப்பிடியில் தூக்குவாளி தொங்க, உப்பளத்து வேலைக்குச் செல்லும் பெண்கள் முன்னும் பின்னுமாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான வண்டிகளில் விளக்கு இல்லை.

சற்று நேரத்தில் சரக்குப் பெட்டக லாரி ஒன்று பின்னாலிருந்து ஒலியெழுப்பியது. பெண்கள் அனைவரும் அதற்கு முன்பே மண்ணில் இறங்கிவிட்டார்கள். நான் மட்டும் தாமதமாக இறங்கினேன். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையில் அரையடிப் பள்ளம். முன்சக்கரம் சரிந்து விழுந்தேன். உள்ளங்கை சிராய்த்ததோடு போயிற்று. என்னைத் தூக்கிவிட்ட அம்மையார், "பின்னாடி வெளிச்சம் தெரிஞ்சதுமே இறங்கிரணும் அண்ணாச்சி. ஹாரன் அடிக்கிற வரைக்கும் ரோட்டுல நிக்கக்கூடாது" என்றார். பல ஆண்டுகளாக அந்தச் சாலையில் உயிர்பிழைத்துவரும் ஒருவரின் அனுபவ விதி அது.

மிதிவண்டிப் பயணம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஐரோப்பா. பிரான்ஸின் பர்கண்டி பகுதியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வாகன இரைச்சலின்றி மக்கள் மிதித்துச் செல்லும் படங்களைப் பார்த்திருப்போம். போன் என்ற நகரிலிருந்து சாந்த்னே என்ற சிற்றூர் வரை சுமார் 22 கிலோமீட்டர் செல்லும் 'திராட்சைத் தோட்டப் பாதை' அவற்றில் புகழ்பெற்றது. அங்கே புதிதாக ஒரு நெடுஞ்சாலை போடப்படவில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. தோட்டத் தொழிலாளர்களும் டிராக்டர்களும் சென்றுவந்த குறுகிய பாதைகளையே ஒன்றோடொன்று இணைத்து, திசைகாட்டிப் பலகைகள் நட்டார்கள். இன்றும் வேலை வாகனங்களும் மிதிவண்டிகளும் அப்பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதே பகுதியில் ஜிவ்ரிக்கும் க்ளூனிக்கும் இடையே கைவிடப்பட்ட ரயில் தடம் 44 கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதையாக்கப்பட்டு 1997இல் திறக்கப்பட்டது.

அமைதியான பாதை அமைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, விரைவாகக் கடந்துசெல்லும் வாகனங்களுக்கு அருகிலேயே வேறு சாலை இருக்க வேண்டும். இரண்டு, ஊர்கள் அருகருகே இருந்து தண்ணீரும் நிழலும் கிடைக்க வேண்டும். மூன்று, அந்தப் பாதையை அன்றாடம் பயன்படுத்தும் உள்ளூர் மக்கள் இருக்க வேண்டும். இந்த மூன்றும் தூத்துக்குடி முதல் மணப்பாடு வரையிலான கடற்கரைப் பகுதியில் ஏற்கெனவே உள்ளன.

இந்தக் கரையைக் காரில் கடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். பார்ப்பதற்கு அதிகமாக எதுவும் இல்லை என்றும் தோன்றும். மிதிவண்டியின் வேகத்தில்தான் நிலம் மாறுவது தெரிகிறது. முள்ளக்காடு வரை வெள்ளை வெளேரென்ற உப்புப் பாத்திகள். பழையகாயலை அடைந்தால், மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டில் குறிப்பிட்ட காயல் துறைமுகம் இதுவே என்று கால்டுவெல் அடையாளம் கண்ட மண். அங்கிருந்து மேற்கே திரும்பினால் கொற்கை. பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த அவ்வூர் இன்று கடலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் உள்ளே, வயலும் குளமுமாக இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிய கதையைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த ஆறு கிலோமீட்டரைக் காலால் மிதித்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கியது.

முக்காணியில் ஆற்றைக் கடந்தால் ஆத்தூர். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலையின் ஊர். கிழக்கே, ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586இல் அச்சானது இங்கேதான் என்பது அச்சு வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் கருத்து. காயல்பட்டினம், திருச்செந்தூர் தாண்டினால் பனங்காடும், மேற்கே செம்மணல் தேரியும். இரும்பு ஆக்சைடு படிந்ததால் சிவந்த அந்த மணலைக் குவித்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்கு அதன் வலிமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. முடிவில், மணல்மேட்டின் மீது 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்துடன் மணப்பாடு.

இடையில் உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி உண்டு. பருவத்தில் பதநீர் உண்டு. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு தேநீர்க் கடை உண்டு. இல்லாதது மிதிவண்டி செல்லப் பாதுகாப்பான ஒரு தடம் மட்டுமே. ஆனால் அந்தத் தடமும் துண்டு துண்டாக இங்கே கிடக்கிறது.

உப்பளங்களுக்கு இடையே வண்டி செல்லும் அகலமான மண்கரைகள் இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகால், தென்கால் வாய்க்கால்களின் கரைகள் இருக்கின்றன. வடகால் கோரம்பள்ளம் குளம் வரையும், தென்கால் கடம்பாகுளத்தின் பக்கமும் செல்கின்றன. பனையேறிகள் பதநீர்க் குடங்களுடன் சென்றுவரும் காட்டுப் பாதைகள் இருக்கின்றன. குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை இயங்கிய காலத்தில், திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் இடையே ஒரு சிறு ரயில்கூட ஓடியது. ஜிவ்ரியில் நடந்ததைப் போல அதன் தடத்தை யாரேனும் பேணியிருந்தால், இந்நேரம் பாதி வேலை முடிந்திருக்கும்.

வாய்க்கால் கரையைப் பாதையாக்குவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இம்மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. குளக்கரைகள் பல உடைந்தன. அத்தகைய மழையை எந்தக் கரையும் எளிதில் தாங்காது என்பது உண்மை. ஆயினும் மக்கள் நாள்தோறும் சென்றுவரும் கரையில் கசிவும் அரிப்பும் முன்கூட்டியே கண்ணில் படும். கருவேல முள் மண்டி, எவரும் கால்வைக்காத கரை உடையும்போதுதான் தெரியவரும்.

'இந்த வெயிலில் யார் மிதிவண்டி ஓட்டுவார்கள்?' என்று கேட்கப்படலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற வேலைகளில் இருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில்தான் வேலைக்குச் சென்றனர். தமிழக அரசு 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ, மாணவியர் அனைவருக்கும் மிதிவண்டி வழங்கி வருகிறது. வண்டியைக் கொடுத்த அரசு, அது செல்வதற்கான இடத்தையும் கொடுக்க வேண்டாமா?

இது புதிய கோரிக்கையும் அல்ல. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1962இலேயே மிதிவண்டித் தடங்களுக்கான நெறிமுறையை வெளியிட்டது. மணிக்கு 200க்கு மேல் மோட்டார் வாகனங்கள் செல்லும் சாலையில், நெரிசல் மிகுந்த நேரத்தில் 100 மிதிவண்டிகள் சென்றாலே தனித்தடம் அமைப்பது நியாயம் என்பது அதன் கருத்து. உப்பளத் தொழிலாளர்களின் நெரிசல் நேரம் விடியற்காலை. காலை எட்டு மணிக்குச் சாலையோரத்தில் நின்று எண்ணுபவரின் கணக்கில் அவர்கள் வரமாட்டார்கள். அவர் எண்ணத் தொடங்கும்போது அவர்கள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள்.

முத்துக்குளிப்பு 1961உடன் இக்கரையில் நின்றுபோனது. உப்பும் பனையும் துறைமுகமும் தொடர்கின்றன. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சாலைகள் விரியும், வாகனங்கள் பெருகும். அதை நான் எதிர்க்கவில்லை. விரிக்கும்போதே செய்தால் எளிதாக முடியும் வேலையை, விரித்து முடித்த பிறகு எவரும் செய்யமாட்டார்கள் என்பதே என் கவலை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சாலை விரிவாக்கத்தின்போது, தாரின் மட்டத்திலேயே இருபுறமும் தளமிட்ட ஓரப்பகுதி வேண்டும். அந்த அரையடிப் பள்ளம் இருக்கக்கூடாது. வாகனக் கணக்கெடுப்பு விடியற்காலை மூன்று மணி முதல் நடைபெற வேண்டும். உப்பள உரிமையாளர்கள், நீர்வளத்துறை, ஊராட்சிகள் ஆகியோரை மாவட்ட நிர்வாகம் ஒன்றாக அமர்த்தி, எந்தெந்தக் கரைகளைப் பொதுப் பாதையாகத் திறக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு தேவைப்படுபவை கிராவல் மண்ணும் திசைகாட்டிப் பலகைகளும்தான். வாகனப் போக்குவரத்தைத் தடுக்க இரு முனைகளிலும் கல்தூண்கள் போதும்.

இப்பாதை அமைந்தால் வெளியூர்ப் பயணிகள் வருவார்கள். கருப்பட்டி விற்பவருக்கும் தேநீர்க் கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும். அது நல்லதே. ஆனால் அப்பாதையில் முதலில் செல்லவேண்டியவர்கள், அன்று என்னைத் தூக்கிவிட்ட அம்மையாரும் அவருடைய தோழியரும்தான். பின்னால் வெளிச்சம் தெரிகிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல், அவர்கள் வேலைக்குப் போய்ச் சேர வேண்டும்.